4 × 4 × 4: அகியோ நொகுச்சியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஜப்பானின் சுவரேற்ற வீராங்கனை அகியோ நொகுச்சி, கயிறில்லாமல் ஏறும் போல்டரிங் பிரிவில் ஒரு தடவைகூட உலக சாம்பியன் ஆனதில்லை, ஒலிம்பிக்கிலும் வெண்கலம்தான். பிறகு எதற்காக அவரை இவ்வளவு உயர்த்திப் பேசுகிறார்கள்?

இரண்டு தகவலும் சரி. ஆனால் அந்த வெண்கலம் எப்படி வந்தது என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். அதனால் கதையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

2021 ஆகஸ்ட் 6, டோக்கியோவின் அயோமி அரங்கம். கொரோனாவால் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. சுவரேற்றம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. பெண்களுக்கு ஒரே ஒரு பதக்கப் போட்டி. அதற்குள் மூன்று விளையாட்டுகளை அடைத்திருந்தார்கள். ஒன்று வேகம்: 15 மீட்டர் சுவரில் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் பாதையில் ஓட்டப்பந்தயம் போல ஏறுவது. அடுத்தது போல்டரிங்: கயிறில்லாமல், கீழே கனமான மெத்தையை நம்பி, நாலைந்து மீட்டர் உயரச் சுவரில் புதிர் புதிராக ஏறுவது. மூன்றாவது லீட்: கயிறு கட்டிக்கொண்டு உயரமான சுவரில் யார் அதிக தூரம் போகிறார் என்பது. மூன்றிலும் வந்த இடங்களை ஒன்றோடொன்று பெருக்குவார்கள். குறைந்த எண் யாருக்கோ அவருக்குத் தங்கம்.

நொகுச்சி வேகத்தில் 4ஆவது. போல்டரிங்கில் 4ஆவது. லீடிலும் 4ஆவது. பெருக்கினால் 64.

போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரோஸ்வாஃப் வேகத்தில் 6.84 விநாடியில் ஏறி உலக சாதனையோடு முதலிடம். மற்ற இரண்டிலும் 8 பேரில் கடைசி. 1 × 8 × 8. அதுவும் 64.

இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்தால், எத்தனை பிரிவுகளில் யார் முன்னால் இருந்தார் என்று பார்ப்பது விதி. மிரோஸ்வாஃப் ஒன்றில் முன்னால், நொகுச்சி இரண்டில். வெண்கலம் நொகுச்சிக்கு. எந்தப் பிரிவிலும் முதல் மூன்று இடத்துக்குள் வராமலேயே ஒருவர் ஒலிம்பிக் பதக்க மேடையில் ஏறினார். பெருக்கல் முறையின் விசித்திரம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 16 ஆண்டுகளாக அவர் எப்படி ஏறினாரோ அதேதான் அன்றைக்கும் நடந்தது என்பேன்.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம்.

நொகுச்சி 1989 மே 30 அன்று பிறந்தவர். ஊர் டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராக்கி மாகாணத்தின் ரியூகசாகி. குடும்பத்துக்கு மாட்டுப் பண்ணை இருந்தது. 11 வயதில் குடும்பத்தோடு குவாம் தீவுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில், ஒரு விளையாட்டு மையத்தில் ஏறுசுவர் இருந்தது. ஏறிப் பார்த்தார், பிடித்துப்போனது. ஊர் திரும்பியும் ஆசை அடங்கவில்லை. மகளின் ஆர்வத்தைப் பார்த்த அப்பா, பண்ணையில் மாடுகள் இருந்த கொட்டகைக்குள்ளேயே ஏறுசுவர் கட்டிக் கொடுத்தார். அதன் பிறகு பள்ளிவிட்டு வந்ததும் அங்கேதான்.

இந்தக் கொட்டகைச் சுவரை வெறும் உருக்கமான தகவலாகக் கடந்துவிடக்கூடாது. போல்டரிங்கில் ஒரு குழந்தை வளர்வதற்கு வேண்டிய முதல் விஷயம், எண்ணிக்கையில்லாத தடவை விழுவது. காசு கொடுத்து, நேரம் பார்த்து, வண்டியில் கூட்டிப்போய் ஏற வைத்தால் அத்தனை தடவை விழ முடியாது. வீட்டு வாசலைத் தாண்டினால் சுவர் என்றால் முடியும். ஏற ஆரம்பித்து ஓராண்டில் நாட்டின் இளையோர் சாம்பியன் போட்டியில் தன்னைவிடப் பெரிய பிள்ளைகளை வென்றார். அப்போது அவர் தொடக்கப் பள்ளி மாணவி.

2005இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் லீட் பிரிவில் வெண்கலம். வயது 16. ஆக, அவர் முதலில் பெயர் வாங்கியது கயிறு கட்டி ஏறும் பிரிவில்தான். ஜப்பானுக்கு அதில் ஏற்கெனவே ஒரு பெரிய முன்னோடி இருந்தார்: யூஜி ஹிராயாமா, 1998இலும் 2000இலும் லீட் உலகக் கோப்பைத் தொடரை வென்றவர். போல்டரிங்கில் அப்படி ஒரு ஜப்பானியப் பெண் யாரும் இல்லை. 2008இல் பிரான்சின் மொந்தோபான் நகரில் நடந்த உலகக் கோப்பைச் சுற்றில் நொகுச்சி முதலிடம் பிடித்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. போல்டரிங் உலகக் கோப்பையில் ஒரு ஜப்பானியப் பெண் பெற்ற முதல் வெற்றி அது. அதையடுத்துப் பல்கலைக்கழகப் படிப்பை விட்டுவிட்டு ஏறுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். ஒலிம்பிக்கில் இல்லாத, பரிசுப் பணம் பெரிதாக வராத ஒரு விளையாட்டுக்காக 19 வயதில் எடுத்த முடிவு அது.

இங்கே கொஞ்சம் நின்று, போட்டி எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவருடைய திறமை எதில் என்பது பிடிபடாது.

போட்டிக்கு வருபவர்களைத் தனி அறையில் அடைத்துவிடுவார்கள். மற்றவர் ஏறுவதைப் பார்க்க முடியாது, கைபேசி கிடையாது. இறுதிச் சுற்றில் 4 புதிர்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 4 நிமிடம். புதிர்களை அன்றைக்கென்றே புதிதாக அமைப்பார்கள்; யாரும் முன்பு ஏறியிருக்க மாட்டார்கள். ஏறும் முன் எல்லோரும் சேர்ந்து சில நிமிடம் கீழே நின்று பார்க்கலாம். அந்த நேரத்தில் அவர்களைக் கவனித்தால் தெரியும்: காற்றில் கையை நீட்டி, இல்லாத பிடியைப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, காலைத் தூக்கி, மனதுக்குள்ளேயே ஒரு தடவை ஏறி இறங்குவார்கள். உச்சிப் பிடியை இரண்டு கையாலும் கட்டுப்பாட்டோடு பிடித்தால் ‘டாப்’. பாதி வழியில் குறித்த பிடியைப் பிடித்தால் ‘ஸோன்’. எத்தனை டாப், எத்தனை ஸோன், எத்தனை முயற்சி. அவர் உச்சத்தில் இருந்த காலமெல்லாம் இந்தக் கணக்குதான்.

4 நிமிடம் என்பது கேட்க நிறையத் தெரியும். சுவரில் தொங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அளவு புரியும். விரல் நுனி மட்டும் பதியும் ஒரு விளிம்பில் முழு உடலையும் தொங்கவிட்டால், மூன்று முயற்சிக்குள் முன்னங்கை கல்லாகிவிடும். தோல் தேயும், வெள்ளைப் பொடியையும் மீறி வியர்வை வழுக்கும். ஆகவே எப்போது அடுத்த முயற்சிக்குப் போவது, எப்போது மெத்தையில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டு யோசிப்பது என்பதுதான் பாதி ஆட்டம். நான் ஏறிப் பழகும் சுவரில் இதைத் தினமும் தவறாகத்தான் செய்கிறேன்: விழுந்த வேகத்தில் மறுபடி எழுந்து ஏறத் தோன்றும். நொகுச்சியின் காணொளிகளைப் பார்த்துதான் காத்திருப்பதும் ஒரு திறமை என்று எனக்கு உறைத்தது. விழுவார், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நடப்பார், பொடி பூசிக்கொள்வார், மறுபடி பார்ப்பார். அடுத்த தடவை ஏறும்போது கால் வைக்கும் இடம் ஒரு அங்குலம் மாறியிருக்கும்.

இப்போது பட்டங்களுக்கு வருகிறேன். போல்டரிங் உலகக் கோப்பை என்பது ஒரே நாளில் முடிவதல்ல. ஒரு பருவம் முழுக்க, நாடு நாடாகப் போய் ஏற வேண்டிய தொடர். அப்போதைய முறையில் ஒரு சுற்றில் முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 80, மூன்றாமிடத்துக்கு 65, நான்காமிடத்துக்கு 55. இன்றைக்கு முதலிடம், அடுத்த வாரம் அரையிறுதியோடு வெளியே என்று இருப்பவருக்கு இங்கே பட்டம் கிடைக்காது. உலக சாம்பியன் போட்டி வேறு: பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை, அந்த ஒரு மாலை யாருக்கு அமைகிறதோ அவருக்கு.

நொகுச்சி தொடர் பட்டத்தை 4 முறை வென்றார்: 2009, 2010, 2014, 2015. சுற்று வெற்றிகள் மொத்தம் 21. உள்நாட்டில் போல்டரிங் ஜப்பான் கோப்பையை 11 முறை வென்றார். உலக சாம்பியன் போட்டிகளின் போல்டரிங்கில் 2014இல் வெண்கலம், 2016இல் வெண்கலம், 2018இல் வெள்ளி, 2019இல் வெள்ளி. தங்கம் மட்டும் இல்லை. எது பெரியது என்பதில் ஆளாளுக்கு அபிப்ராயம் இருக்கலாம். என்னைக் கேட்டால், எந்த ஊர், எந்தச் சுவர், யார் அமைத்த புதிர் என்று தெரியாமல் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப மேலே நிற்பதைத்தான் கடினமான காரியம் என்பேன்.

அவர் வென்ற ஆண்டுகளுக்கு நடுவே 2011, 2012, 2013 விடுபட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மூன்றும் ஆஸ்திரியாவின் அன்னா ஷ்டோருடையவை. 2008ஆம் ஆண்டுப் பட்டமும் அவருடையதே. ஆக, 2008 முதல் 2015 வரை எட்டு ஆண்டுகள் இந்தப் பட்டம் இரண்டே பெண்களின் கைகளில் இருந்தது, ஆளுக்கு நான்கு. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் இன்னொருவருக்குப் போனபின், திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து வென்றது, என் பார்வையில், அவருடைய முதல் பெரிய சாதனை.

இரண்டாவது சாதனை அதைவிடப் பெரியது, ஆனால் பட்டியலில் தெரியாது. 2010களின் நடுவில் போல்டரிங்கே மாறிப்போனது. நொகுச்சி வளர்ந்த காலத்துச் சுவர்களில் சின்னச் சின்ன விளிம்புகள் இருக்கும். விரல் பலமும், இடுப்பைச் சுவரோடு ஒட்டி வைக்கும் நெகிழ்வும், பொறுமையும் இருந்தால் போதும். அப்புறம் புதிர் அமைப்பவர்கள் பெரிய பெரிய வழுக்கு முகப்புகளை வைத்து, ஓடித் தாவி, ஒரு காலில் பட்டு, மறுபக்கம் இரண்டு கையாலும் பிடித்து நிற்கும் புதிர்களைக் கொண்டுவந்தார்கள். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவும் பார்கூர் மாதிரி. அப்படிப்பட்ட சுவர்களிலேயே பழகி வந்த இளைய தலைமுறை ஒன்று ஜப்பானிலேயே தயாராகிக்கொண்டிருந்தது. 2017இல் போல்டரிங் ஜப்பான் கோப்பையை வென்ற பூத்தாபா இத்தோவுக்கு 14 வயது. நொகுச்சி அந்தக் கோப்பையை முதலில் வென்ற காலத்தில் இத்தோ சின்னக் குழந்தையாகத்தான் இருந்திருப்பார்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்வார்கள். நொகுச்சிக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. 2016 ஆகஸ்டில், ரியோவில் கூடிய ஒலிம்பிக் குழு டோக்கியோ ஒலிம்பிக்கில் சுவரேற்றத்தைச் சேர்க்க முடிவு செய்தது. சொந்த நாட்டில் ஒலிம்பிக், அதில் தன் விளையாட்டு! அவர் தொடர்ந்தார். தொடர்ந்ததோடு நிற்காமல், தனக்கு இயல்பாக வராத தாவல்களையும், அதுவரை தேவையே இல்லாதிருந்த வேக ஏற்றத்தையும் 27 வயதுக்கு மேல் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். வேகப் பிரிவில் பிடிகளின் அமைப்பு உலகம் முழுக்க ஒன்றே. யோசிக்க எதுவும் கிடையாது, ஒரே அசைவுகளை ஆயிரக்கணக்கான தடவை செய்து உடம்பில் பதிக்க வேண்டும். யோசித்து ஏறுவதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு அது எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும்!

பலன் 2018இல் தெரிந்தது. அந்த ஆண்டு டோக்கியோ பெருநகரின் மேற்கே உள்ள ஹச்சியோஜியில் உலகக் கோப்பைச் சுற்று நடந்தது. சொந்த மக்கள் முன்னால் நொகுச்சி முதலிடம். 29 வயது முடிந்த வாரம் அது. தொடர் பட்டம் மட்டும் நூலிழையில் கைநழுவியது. எடுத்துக்கொண்டவர் சக ஜப்பானியர் மிஹோ நொனாகா, நொகுச்சியைவிட எட்டு வயது இளையவர். சின்ன வயதில் நொகுச்சியைப் பார்த்து வளர்ந்தவர்.

அப்புறம் யான்யா கார்ன்பிரெட். ஸ்லோவேனியாக்காரர், 1999இல் பிறந்தவர். நொகுச்சி மியூனிக்கில் முதல் உலகப் பதக்கம் வாங்கியபோது இவருக்கு 6 வயது. 2019 பருவத்தின் போல்டரிங் உலகக் கோப்பைச் சுற்றுகள் ஆறையும் இவரே வென்றார். அதற்கு முன்பு யாரும் அப்படிச் செய்ததில்லை. அந்த ஆண்டின் தொடர் பட்டியலில் இரண்டாமிடம் யாருக்கு என்று பார்த்தால், நொகுச்சிக்கு. ஹச்சியோஜியில் நடந்த உலக சாம்பியன் போட்டியிலும் போல்டரிங்கில் கார்ன்பிரெட் தங்கம், நொகுச்சி வெள்ளி. மூன்று பிரிவும் சேர்ந்த கூட்டுப் போட்டியிலும் அதே வரிசை. கூட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் போல்டரிங் பகுதியில் மட்டும் நொகுச்சி அந்தக் கார்ன்பிரெட்டையே முந்தி முதலிடம் பிடித்தார். இந்த வெள்ளிதான் அவருக்கு டோக்கியோ ஒலிம்பிக் இடத்தை உறுதி செய்தது. ஒலிம்பிக்தான் தன் கடைசிப் போட்டி என்றும் அறிவித்துவிட்டார்.

கடைசிப் போட்டி ஓராண்டு தள்ளிப்போனது. 31 வயதில் விடைபெறத் தயாராக இருந்தவர் 32 வயது வரை விரல்களைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த விளையாட்டில் விரல் தசைநார்கள்தான் முதலில் போகும்.

மறுபடி 2021 ஆகஸ்ட் 6க்கு வருவோம். அன்றைய எண்களை நான் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். கார்ன்பிரெட் 5 × 1 × 1, அதாவது 5. தங்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நொனாகா 3 × 3 × 5, அதாவது 45, வெள்ளி. நொகுச்சி 64. வேகப் பிரிவில் மூன்றாமிடத்துக்கான ஓட்டத்தில் மோதியவர்கள் யார் தெரியுமா? நொனாகாவும் நொகுச்சியும். நொனாகா வென்றார். அது மட்டும் மாறியிருந்தால் நொகுச்சிக்கு 3 × 4 × 4, அதாவது 48. நொனாகாவுக்கு 4 × 3 × 5, அதாவது 60. வெள்ளியும் வெண்கலமும் அப்படியே இடம் மாறியிருக்கும். சில விநாடிகளில் முடிந்துபோகும் ஓர் ஓட்டம் அது!

மறுபக்கமும் உண்டு. லீடில் கார்ன்பிரெட்டுக்கு அடுத்து வந்தவர் தென் கொரியாவின் சியோ சேஹ்யூன். அவர் இன்னும் கொஞ்சம் மேலே போய் முதலிடம் பிடித்திருந்தால் 8 × 7 × 1, அதாவது 56. நொகுச்சிக்குப் பதக்கமே இருந்திருக்காது. அந்த அளவுக்கு மெல்லிய விளிம்பில் நின்ற வெண்கலம் அது.

போல்டரிங் பகுதி அவருக்கு வலித்திருக்கும். ஒலிம்பிக்கில் மூன்றே புதிர்கள். கார்ன்பிரெட் முதல் இரண்டின் உச்சியையும் தொட்டார். மற்ற ஏழு பேரில் ஒருவருக்கும் ஒரு டாப்கூட இல்லை, நொகுச்சிக்கும் இல்லை. 21 உலகக் கோப்பைச் சுற்றுகளை வென்ற தன் சொந்தப் பிரிவில், கடைசி நாளில், ஒரு உச்சியும் இல்லாமல் இறங்குவது சாதாரண விஷயமில்லை. அதன் பிறகு லீட் சுவரின் முன் வந்து நின்றார். 16 வயதில் முதல் பதக்கம் வாங்கிக் கொடுத்த அதே பிரிவு. நொனாகாவைவிட ஓர் இடம் முன்னால், நான்காவதாக வந்தார். அங்கே ஐந்தாவதாக வந்திருந்தால் 4 × 4 × 5, அதாவது 80. மேடையை விட்டு வெளியே. அதனால்தான் அந்த 64இல் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி 4.

முடிவு தெரிந்ததும் மூன்று பேரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு ஜப்பானியப் பெண்களும் அழுதார்கள்.

மேடை ஏறிய அந்த நாளுக்கு முந்தின நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்கள் இறுதிச் சுற்று ஆகஸ்ட் 5. ஜப்பானின் பெரிய நம்பிக்கை தொமோவா நராசாகி, 2016இலும் 2019இலும் போல்டரிங் உலக சாம்பியன். அதாவது நொகுச்சிக்குக் கிடைக்காத தங்கம் இவரிடம் இரண்டு இருந்தது. வேகத்தில் 2, போல்டரிங்கில் 3, லீடில் 6, பெருக்கினால் 36. வெண்கலம் வென்ற ஆஸ்திரியாவின் யாகோப் ஷூபர்ட்டுக்கு 35. நராசாகி நான்காவதாக, பதக்கமில்லாமல் திரும்பினார்.

அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று நொகுச்சியும் நராசாகியும் தங்கள் திருமணத்தை அறிவித்தார்கள். 2023இல் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது.